மூன்று முறை ஒழுகிய கியர் பெட்டி

செவேரோ சிப்பானா லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இடது கைச் சுண்டுவிரலைக் கியர் பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். உள்ளே மடக்கிய விரலின் முதல் கணுவரை எண்ணெய் தொட வேண்டும். அதற்குக் கீழே போனால் பல்சக்கரம் காயும். மேலே ஏறினால் சூட்டில் நுரைத்து வெளியே வரும். வலது சுண்டுவிரலின் நுனியை எப்போதோ ஒரு ரேடியேட்டர் விசிறி எடுத்துக்கொண்டது. "அந்த விரலால அளந்தா கால் லிட்டர் கூடிப்போகும். மொட்டை விரலுக்குப் பேராசை" என்பார்.

விரலை வெளியே எடுத்ததும் துடைத்துவிட மாட்டார். மோந்து பார்ப்பார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து வெளிச்சத்தில் விரிப்பார். செம்புத்தூள் மினுங்கினால் உள்ளே ஒரு வளையம் தேய்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகிய வாடை வந்தால் லாரிக்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரெண்டாவது கியர்லயே ஊரெல்லாம் சுத்தினியா? யாரு வீட்டு ஜன்னலத் தேடினே?" என்று கேட்பார். லாரிக்காரர் சிரித்தால் அது உண்மை என்று அர்த்தம்.

எங்கள் ஊர் சான் பெலாயோவில் மலைக் கணவாய்க்கு ஏறும் சாலை தன் முதல் வளைவை எடுக்கும் இடத்தில்தான் அவர் பட்டறை. இரண்டு வெண்ணெய்ப்பழ மரங்களுக்கு நடுவே தகரக் கூரை. பழம் முற்றி விழும்போது தகரம் வெடிகுண்டு போலச் சத்தம் போடும். வண்டிக்காரர்கள் துள்ளுவார்கள். செவேரோ மட்டும் அசையாமல், "பழுத்தது" என்பார்; சத்தத்தை வைத்தே, "இது இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்றும் சொல்வார். விழுந்ததை எடுத்து உப்புப் போட்டு ரொட்டியில் தடவிக் கொடுப்பார். அவர் பட்டறையில் கிரீஸ் வாடை இல்லாத ரொட்டியை யாரும் தின்றதில்லை. குறை சொன்னதும் இல்லை.

கையைத் துணியில் துடைப்பது அவருக்குப் பிடிக்காது. இடது தொடையில்தான் துடைப்பார். அதனால் அவர் கால்சட்டையின் இடது பக்கம் தோல் போலக் கறுத்துப் பளபளக்கும், வலது பக்கம் அவர் மனைவி துவைத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். மழை பெய்தால் வலது கால் நனையும், இடது கால் நனையாது. வலது கன்னத்தில், மலைக்காரர்கள் வெற்றிலை போல அடக்கிக்கொள்ளும் கோகா இலை உருண்டை. இடது கன்னத்தில், கழற்றிய சின்ன நட்டுகள். தரையில் வைத்தால் உருண்டு தொலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனவே அவர் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்கக் கூடாது. நாலு நட்டு வாயில் இருக்கிறது, அவ்வளவுதான்.

'ஒழுகுகிறது' என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. "எங்க அழுவுது? பின்னாடியா, அடியிலயா, மேல மூடியிலயா?" என்றுதான் விசாரிப்பார். பழைய சிமென்ட் மூட்டைக் காகிதத்தை மூடியின் மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் விளிம்பு முழுக்கத் தட்டித் தட்டியே, மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டை வெட்டிவிடுவார். கத்தரிக்கோல் வேண்டாம். எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உட்காரும் தண்டில் பழைய சீலின் உதடு வருடக்கணக்காக உரசிப் பள்ளம் போட்டிருந்தால், புதுச் சீலை ஒரு நூல் தள்ளி அடிப்பார். "அழுத இடத்துலயே திரும்ப உக்காரவெச்சா அது அழத்தான் செய்யும். புது இடம் குடு, சிரிக்கும்."

இப்படிப்பட்ட மனிதரை ஒரு கியர் பெட்டி மூன்று முறை தோற்கடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த லாரி என் சித்தி பசிலியா தார்க்கியுடையது. முன்னால் நீண்ட மூக்கும், மரப்பலகை அடைத்த உடம்புமாக, என் வயதைவிட மூத்த வண்டி. நெற்றியில் 'பொறாமைக்காரி' என்று சித்தப்பா எழுதிவைத்தது இன்னும் இருக்கிறது. சித்தப்பா இல்லை. ஒன்பது வருடமாகச் சித்திதான் ஓட்டுகிறார். சான் பெலாயோவிலிருந்து வாழைத்தாரும் பப்பாளியும் ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் மலை ஏறி, பனி படிந்த கணவாயைத் தாண்டி, மேட்டு நகரமான எல் ஆல்ட்டோவில் இறக்கிவிட்டு, உருளைக்கிழங்கும் வெங்காயமுமாகத் திரும்புவார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் ஜனவரியில் திரும்பியபோது சித்திக்குத் தார் ஏற்றி இறக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. செவேரோ எனக்கு 'பாஸ்போர்ட்டு' என்று பெயர் வைத்தார். "வாம்மா பாஸ்போர்ட்டு, இன்னும் ஊர்லதான் இருக்கியா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

பொறாமைக்காரி அழுததால் வந்த வினை சந்தைத் திடலில் தொடங்கியது. லாரிகள் வரிசையாக நிற்கும் திடலில், சித்தியின் இடம் வாசலிலிருந்து மூன்றாவது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் டோன்யா லிபோரியா அடுப்பு வைத்துப் பணியாரம் பொரிக்கிறார். பெரிய பெண்கள் எல்லாரையும், சித்தியையும்கூட, எங்கள் ஊரில் மரியாதையாக 'டோன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்காடிப் பெண்களின் தலைவியும் அவர்தான். ஒரு நாள் லாரி நகர்ந்த பிறகு, எண்ணெய் தேங்கிய இடம் தெரியாமல் தன் புது மடிப்புப் பாவாடையோடு அதில் உட்கார்ந்துவிட்டார். ரோஜா நிறப் பாவாடை. அடுத்த வாரமே அங்காடிப் பெண்கள் லாரிச் சங்கத்தை மிரட்டி ஒரு விதி போட வைத்தார்கள்: ஒழுகுகிற வண்டி திடலுக்குள் நிற்கக் கூடாது. லாரிகளுக்குப் பூச்சூட்டி பீர் ஊற்றிக் கும்பிடும் கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று வருடத்துக்கான இடங்களை அறிவிப்பார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, எல் ஆல்ட்டோ போய்த் திரும்பிய சூட்டோடு வண்டியை நிறுத்தி, அடியில் அட்டை விரித்து, இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். அட்டையில் எண்ணெய் விழுந்தால் அந்த வண்டிக்கு ஆற்றங்கரையில், இறைச்சிக் கொட்டகைக்குப் பின்னால் இடம். அங்கே சரக்கோடு எந்த விவசாயியும் வரமாட்டான். சித்தி அந்த இடத்தை மனதில் நினைத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

முதல் முறை செவேரோ பின்பக்க ஆயில் சீலை மாற்றினார். கணவாய் ஏறி இறங்கி வந்ததும் ஒழுகியது. இரண்டாம் முறை சீலை நூல் தள்ளி அடித்தார். ஒழுகியது. மூன்றாம் முறை பெட்டியையே இறக்கி, எல்லா மூடிக்கும் புதுக் கேஸ்கட் வெட்டி, வடிக்கும் நட்டுக்குச் செம்பு வளையம் போட்டு, தொண்ணூறாம் நம்பர் ஆயிலை வெயிலில் வைத்து இளக்கி, குழாய் செருகிய சோடா பாட்டிலால் பிழிந்து பிழிந்து நிரப்பினார். பட்டறையில் ஒரு நாள் முழுக்க நின்றது. ஒரு சொட்டு இல்லை. கணவாய் போய்வந்தது. டோன்யா லிபோரியா பணியாரக் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, நீ சீல் மாத்துறியா, இல்ல குழாய் போடுறியா? போன வாரத்தவிட நல்லா வருதே!"

ஒவ்வொரு முறையும் பழுது பார்த்து முடித்ததும் நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். கை வைத்த உறுப்புக்குப் பூமித்தாயின் பேரைச் சொல்லி ஊற்றாமல் எந்த வண்டியும் பட்டறையை விட்டுப் போகாது. செவேரோ ஓட்டுநர் அறைக்குள் ஏறி, கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியை விலக்கி, நேராகப் பெட்டியின் தலையிலேயே பீர் ஊற்றுவார். ஒரு பிடி வண்ணக் காகிதத்துண்டு, கொஞ்சம் சர்க்கரை மிட்டாய். முதல் முறை அரை பாட்டில். இரண்டாம் முறை சித்தி, "போன தடவை குறைஞ்சுபோச்சு, அதான் கோவிச்சுக்கிச்சு" என்று முழு பாட்டில் கொடுத்தார். மூன்றாம் முறை இரண்டு பாட்டில். செவேரோ மூன்று முறையும் மனதார ஊற்றினார்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. புதன் விடியற்காலையில் சித்தி லாரியைப் பட்டறை முன் நிறுத்தி, இறங்காமலேயே ஹார்ன் அடித்தார்.

"மேஸ்திரி, ஏறு."

"எங்க?"

"மேல. கணவாய்க்கு. இங்க அழாதது அங்க ஏன் அழுவுதுன்னு உன் கண்ணால பாரு."

செவேரோவின் வாயிலிருந்து ஒரு நட்டு விழுந்தது. பத்தொன்பது வருடமாக அவர் அந்த முதல் வளைவைத் தாண்டியதில்லை. உயரம் அவருக்கு ஆகாது. கடைசியாகப் போனபோது கணவாயில் மயங்கி விழுந்து, வாழைத்தாரோடு தாராக அவரைக் கிடத்திக் கீழே கொண்டுவந்தார்கள் என்று ஊரே சொல்லும். ஐந்நூறு கியர் பெட்டிகளை அந்த மலைக்கு அனுப்பிய மனிதர், அவை மேலே என்ன செய்கின்றன என்று பார்த்ததே இல்லை.

"டோன்யா, என் தலை வெடிச்சிடும்."

"வெடிச்சா சீல் போட்டுக்கலாம். ஏறு. என் இடம் போயிடுச்சுன்னா ஆத்தங்கரையில உக்காந்து உனக்குத்தான் சாபம் விடுவேன், தினமும், பேர் சொல்லி."

அவர் கொஞ்ச நேரம் தன் இடது தொடையையே தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணி, ஒரு பொட்டலம் சோள மாவு, இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி எடுத்துக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில், கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்கார்ந்தார்.

சோள மாவு எதற்கு என்று நான் கேட்டேன். "முகத்துக்குப் பவுடர்" என்றார். கிளம்புமுன் அடியில் புகுந்து, பெட்டியைத் துடைத்து, சீலைச் சுற்றி மாவைத் தூவியிருந்தார். அழுதால் மாவில் கோடு விழும். எங்கே தொடங்கியது என்பது தெரியும்.

முதல் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தார். மாவு காய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, அருவிக்குப் பக்கத்தில், மறுபடி. காய்ந்திருந்தது. சித்தியின் முகத்தில் நம்பிக்கை எட்டிப்பார்த்தது. மரங்கள் குட்டையாகி, பிறகு புல்லாகி, மூடுபனி தொடங்கும் கடைசிக் கிராமத்தில் அவர் அடியில் புகுந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது உதடு நீலமாக இருந்தது.

"ஈரக் கோடு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஏற ஏற அழுவுது."

"ஏத்தம்னா சூடு. சூடுன்னா இளகும்" என்றார் சித்தி.

"அருவிகிட்டயே கை வைக்க முடியல, அவ்ளோ சூடு. அங்க அழலயே."

கணவாயில் ஆலங்கட்டி பெய்துகொண்டிருந்தது. சித்தி லாரியை ஓரம் கட்டினார். அடியில் எண்ணெய் நிதானமாக, ஒரே தாளத்தில், சொட்டிக்கொண்டிருந்தது. செவேரோ இறங்கிப் பார்க்கவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கோகா உருண்டையைத் துப்பிவிட்டுப் புதிதாக இலை திணித்துக்கொண்டார். அவருக்கு ஏதாவது தின்னக் கொடுக்கலாம் என்று, காலையில் சான் பெலாயோ சந்தையில் வாங்கிய இனிப்புச் சோளப்பொரிப் பையை எடுத்தேன். பிரிக்கப் போனவளின் கையை அவர் பிடித்தார்.

"இது ஏன் இப்பிடி உப்பியிருக்கு?"

"மேல வந்தா எல்லாப் பையும் உப்பும், மேஸ்திரி."

"காலைல?"

"காலைல சப்புன்னு இருந்துச்சு."

நானும் சித்தியும் அந்த உப்பிய பைகளை நூறு தடவை பார்த்திருக்கிறோம். அப்படிப் பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போனவர்கள். செவேரோ அந்தப் பையை மடியில் வைத்து அமுக்கினார். தலையணை மாதிரி விறைப்பாக இருந்தது. காதோடு வைத்துத் தட்டினார். பிறகு திருப்புளி முனையால் ஒரு மூலையில் மெல்லக் குத்தினார். உஸ்ஸென்று காற்று போய்ப் பை தளர்ந்தது.

"ஓட்டை இருந்தா உப்பாது" என்று தனக்குத் தானே சொன்னார். "பெட்டிக்கும் மேல ஒரு ஓட்டை உண்டே."

அடுத்த நிமிடம் ஆலங்கட்டியில், பத்தொன்பது வருடப் பயத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு, லாரிக்கு அடியில் இருந்தார். பக்கவாட்டு நட்டை அவர் தளர்த்திய சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை மூன்று பேரும் கேட்டோம். பெட்டி நீளமாக, அடக்கிவைத்திருந்த பெருமூச்சை விட்டது. சூடான எண்ணெய் அவர் நெற்றியில் தெறித்தது. அவர் கத்தவில்லை. சிரித்தார்.

"மூச்சு முட்டுது டோன்யா, பாவம்! உன் பொறாமைக்காரிக்கு மூச்சு முட்டுது! கீழ இருக்கிற காத்த வயித்துல வெச்சுக்கிட்டு மேல வருது. விட வழியில்ல. அதான் சீல் வழியா அழுவுது. சீல் பாவம், அது என்ன பண்ணும்!"

மேலே ஏறி வந்து ரப்பர் மூடியை விலக்கினார். பெட்டியின் தலையில், காற்று போய்வர, துளையுள்ள ஒரு சின்ன மூச்சுக் குமிழ் இருக்க வேண்டும், காளான் அளவில். அது இருந்த இடத்தில் ஒரு மேடுதான் இருந்தது. திருப்புளியால் கிளறினார். மேடு அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. காய்ந்த பீர், உருகி இறுகிய மிட்டாய், இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நசுங்கிய காகிதம், கோகா இலை, மறுபடி பீர். கல்யாணக் கேக் வெட்டியதுபோல இருந்தது. ஒவ்வொரு கார்னிவலுக்கும் ஒன்றாக, சித்தப்பா காலத்திலிருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் பிசுபிசுப்பு காயாத மூன்று தடித்த அடுக்குகள்.

சித்தி குனிந்து பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

"அப்போ சாமிக்கு ஊத்தினதுதான் என் வண்டியக் கெடுத்துச்சுன்னு சொல்ற. அவரு ஊத்தினது. நான் ஊத்தினது."

செவேரோ கையிலிருந்த கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் தன் பெயரை ஒரே மூச்சில் மீட்டிருக்கலாம்.

"உங்க வீட்டுக்காரரு ஊத்தினதுக்கு இத்தனை வருஷம் இது அழுதுச்சா? ஒரு சந்து விட்டு வெச்சிருந்தாரு மனுஷன்" என்றார். "மொதல்ல அழுதது தேஞ்ச பழைய சீலு. அப்புறம் அந்தச் சந்த அடச்சது இந்த மேல் மூணு அடுக்கு. அது யாரோட கை? என் கை. சீல் மாத்தினேன், மூக்கப் பொத்தினேன். சீல் மாத்தினேன், மூக்கப் பொத்தினேன். மூணு தடவ. இத நீ டோன்யா லிபோரியாகிட்ட சொன்னா நான் ஊரவிட்டுப் போகணும். பாஸ்போர்ட்டுகிட்டதான் வழி கேக்கணும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த உயரத்தில் சிரித்தால் மூச்சு வாங்கும். மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு, பொரிப் பையைப் பகிர்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வியாழனன்று பட்டறையில் குமிழைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, குதிரைமயிர் ஒன்றை அதன் துளைக்குள் விட்டு எடுத்தார். அழுத்தத்தில் உதடு பிதுங்கிப்போயிருந்த சீலையும் மாற்றினார். நிரப்பி, சுண்டுவிரலால் அளந்தார். பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தவர் தயங்கினார். ரப்பர் மூடியைத் தொடாமல் முன் சக்கரத்துக்கு ஊற்றினார்.

"சக்கரத்துக்கா வலி?" என்றார் சித்தி.

"சனிக்கிழமை முடியட்டும் டோன்யா. அப்புறம் நீ எங்க வேணா ஊத்து."

வைத்தியம் பார்த்த உறுப்புக்கு ஊற்றாத வண்டியைச் சித்தி ஓட்டியது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை கணவாய் ஏறும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மேலே நான் இறங்கி மாவைப் பார்த்தேன். பொட்டுக் கோடு இல்லை. சொன்னேன். "பேசாத, கண்ணு பட்டுடும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

சனிக்கிழமை நண்பகலில் திடலில் மூன்றாவது இடத்தில் லாரி நின்றது. கீழே வெள்ளை அட்டை. சங்கத்தின் செயலாளர் ஒருவர் கடிகாரத்தோடு நின்றாலும், உண்மையான நீதிபதி முக்காலியில் உட்கார்ந்து பணியாரம் திருப்பிக்கொண்டிருந்த டோன்யா லிபோரியாதான். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை மணி நேரம் போனது. செவேரோ வாயில் நட்டுகூட இல்லாமல் மௌனமாக இருந்தார். அட்டையை எடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, சொட்டென்று ஒரு சத்தம். அட்டையின் நடுவில், காசு அளவுக்கு ஒரு கறுத்த பொட்டு.

டோன்யா லிபோரியா எழுந்தார்.

"பாத்துக்குங்க எல்லாரும். நான் தொடக்கூட இல்ல."

செவேரோ முழங்காலில் நின்று அட்டையை இழுத்து மோந்து பார்த்தார்.

"தண்ணி. கணவாயில ஒட்டின ஐஸு உருகி, வண்டிச் சட்டத்துக்குள்ள தங்கினது இப்ப வடியுது."

"நீ தண்ணின்னா தண்ணியாயிடுமா? மூணு தடவ சரியாயிடுச்சுன்னு சொன்ன வாய்தானே இது?"

"சொல்ல வேணாம். உன் அடுப்புல காட்டு. தண்ணின்னா காயும். ஆயில்னா காயாது."

கூட்டம் கூடிவிட்டது. செவேரோ அட்டையோடு அடுப்பை நோக்கி நடந்தார். டோன்யா லிபோரியா அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீ பிடிச்சா ஏதாவது வித்தை பண்ணுவ. நான் பிடிக்கிறேன்."

"பிடி தாயே. ஆனா சட்டிய இறக்கி வெச்சிட்டுப் பிடி. உன் எண்ணெ தெறிச்சா அதுவும் என் தலையிலதான் விழும்."

சட்டியை இறக்கினார். கனலுக்கு மேலே, எட்டாத உயரத்தில், இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்தார். பணியாரம் வாங்க வந்தவர்கள், பக்கத்து லாரிக்காரர்கள், கார்னிவல் மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லாரும் ஓர் ஈரப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அட்டையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பொட்டின் ஓரம் சுருங்கியது. காசு பட்டாணியானது. பட்டாணி மிளகானது. பிறகு வெறும் அட்டை.

டோன்யா லிபோரியா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்து மோந்தும் பார்த்தார். பிறகு சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, யாரையும் பார்க்காமல், "பசிலியா, உன் வண்டிய ஒரு முழம் தள்ளி நிறுத்து, என் அடுப்புக்குக் காத்து வரல" என்றார். அதுதான் தீர்ப்பு. செயலாளர் எழுதிக்கொண்டார். சித்தி ஒரு முழம் தள்ளி நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை திடல் முழுக்க லாரிகள். முகப்பிலிருந்து வால்வரை பூவும் தாள்சுருளும். பீர் நுரை, வெடி, மேளம். சித்தி வருடம் பூராவும் உழைத்த கியர் பெட்டிக்கே முதலில் ஊற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சனிக்கிழமை முடிந்துவிட்டது, செவேரோ வாக்குக் கொடுத்துவிட்டார். காலையில் அவர் ஒரு மத்தி மீன் டப்பாவைக் கவிழ்த்து, அந்தக் குமிழுக்குத் தொப்பி மாதிரி செய்து கொண்டுவந்தார். சித்தி டப்பாவைப் பார்த்த பார்வையில் மத்தி மீன் உயிர்த்தெழுந்து ஓடியிருக்கும்.

"சாமிக்கு முன்னாடி குடை பிடிக்கச் சொல்றியா?"

அவர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் சித்தி புதுப் பாவாடையும் தொப்பியுமாக ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் காகிதத்துண்டுக் கூடையோடு பக்கத்தில். "மேஸ்திரி எங்க? அவரு இல்லாம எப்படி ஊத்துறது?" என்றார். திடலில் எங்கும் காணவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். லாரிக்கு அடியிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கால் சாம்பல், ஒரு கால் கறுப்பு.

"ஊத்து டோன்யா, ஊத்து!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

சித்தி ரப்பர் மூடியை விலக்கிக் குனிந்தார். நானும் குனிந்தேன். கீழேயிருந்து நீண்டு வந்த ஒரு கறுத்த கை, பெட்டியின் தலையில், அந்தக் குமிழைப் பொத்தி மூடியிருந்தது. தூங்கும் கோழிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரி, அழுத்தாமல்.

சித்தி பாட்டிலைச் சாய்த்தார். பீர் கம்பி வழியாக இறங்கி, விரல்களின் மேல் நுரைத்து, மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக்கைக்குள் ஓடியது. கை அசையவில்லை. சித்தி அந்தக் கையைப் பார்த்தபடியே முழு பாட்டிலையும் ஊற்றி முடித்தார். என் மடியிலிருந்த கூடையிலிருந்து ஒரு பிடி வண்ணக் காகிதம் அள்ளி, கியர் கம்பியை விட்டுவிட்டு, அந்தப் புறங்கையின் மேலே மெல்லத் தூவினார்.